செம்மஞ்சள் பச்சையாகும் இடம்

சென்ட்ரலிலிருந்து ஆவடி போகும் புறநகர் ரயிலில் காலை எட்டு மணிக்கு ஏறினால் இரண்டு வகைக் கூட்டத்தைப் பார்க்கலாம். சாப்பாட்டுப் பையோடு வருகிறவர்கள் பட்டரவாக்கத்திலும் அம்பத்தூரிலும் இறங்கி, எஸ்டேட் என்று அழைக்கப்படும் தொழிற்பேட்டைக்குள் நடப்பார்கள். ரெக்கார்டு நோட்டையும் வெள்ளைக் கோட்டையும் பையில் திணித்திருக்கும் மாணவர்கள் ஆவடி வரைக்கும், சிலர் அதைத் தாண்டியும் போவார்கள். ஒரே பெட்டியில் நிற்கும் இந்த இரண்டு கூட்டமும் அன்றைய பகலில் ஒரே பொருளைத் தொடக்கூடும். அதன் பெயர் குரோமியம்.

மாணவர் கையில் அது பொட்டாசியம் டைகுரோமேட். கண்ணாடிக் குடுவையில் செம்மஞ்சளாக, பார்க்க அழகாக இருக்கும் கரைசல். எஸ்டேட்டில் முலாம் பூசும் கடையில் வேலை பார்ப்பவருக்கு அது 'குரோம் டேங்க்'. அங்கே கரைசல் கருஞ்சிவப்பாகக் குழம்பி நிற்கும். நிறத்தின் அடர்த்தி வேறு, உள்ளே இருக்கும் தனிமம் ஒன்றே. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் ஓர் ஆய்வுக் கேள்வி அந்தத் தூரத்தைக் கடக்கப் பல நேரம் பல ஆண்டுகள் ஆகின்றன. ஏன் என்று பார்ப்பதே இந்த அத்தியாயம்.

பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வரி

எந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்குப் போனாலும் ஆசிரியர் பெயருக்குக் கீழே அவரது ஆய்வுத் துறை ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். பரப்பு கவர்தல், அரிமானத் தடுப்பான்கள், நானோ பொருள்கள், ஒளி வினையூக்கிகள், மின்வேதியியல், இயற்கைப் பொருள் வேதியியல். தமிழ்நாட்டில் பத்துத் துறைகளைச் சுற்றி வந்தால் இந்த ஆறு சொற்களும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வெளியாளுக்கு அவை வெறும் சொற்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வாழ்க்கை முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி இருக்கிறது.

அந்தக் கேள்வி வானத்திலிருந்து விழுவதில்லை. ஆய்வுப் பட்டம் பெற்றபோது வழிகாட்டி என்ன செய்தார், துறையில் எந்தக் கருவி இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் எது இலவசமாகக் கிடைக்கிறது என்பவை சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் இந்திய வேதியியலாளர்கள் பலர் செடிகொடிகளின் பக்கம் போனதற்கு இதுவே காரணம். குளித்தலையில் 1900இல் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து திரும்பி, பூக்களிலும் பட்டைகளிலும் உள்ள நிறமிகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். 1960இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி தாவரங்களில் உள்ள ஆல்கலாய்டுகளின் அமைப்பைக் கண்டறிந்தார். பெரிய கருவி இல்லாத காலத்தில் மூலிகை இருந்தது, காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் குழாய் இருந்தது, கூர்ந்து பார்க்கும் கண் இருந்தது. அவற்றை வைத்தே உலகம் மதிக்கும் வேதியியலை அவர்கள் செய்தார்கள்.

இன்று 'அரிமானத் தடுப்பான்கள்' என்று எழுதியிருக்கும் ஆசிரியரின் ஆய்வகத்திலும் அந்தச் சிக்கனம் தொடர்கிறது. இரும்புத் தகட்டை ஒரே அளவில் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, நான்கு தசமத் தராசில் எடை போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொங்கவிடுவார்கள். ஒரு முகவையில் வெறும் அமிலம். இன்னொன்றில் அமிலத்தோடு ஏதாவது ஓர் இலைச்சாறு. சில மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவி மறுபடி எடை போட்டால், சாறு எவ்வளவு இரும்பைக் காப்பாற்றியது என்று தெரிந்துவிடும். சாற்றில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் தங்கள் எலக்ட்ரான் இணைகளால் இரும்பின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, அமிலம் தொட முடியாத மெல்லிய போர்வையாக மாறுகின்றன. முலாம் பூசும் முன் துருவை அகற்ற அமிலத்தில் முக்கும் 'பிக்ளிங்' வேலைக்கு இது நேராகப் பயன்படும். துரு போக வேண்டும், இரும்பு போகக் கூடாது.

ஒரு சொட்டின் கணக்கு

இப்போது சாலையைக் கடந்து எஸ்டேட்டுக்குள் போவோம். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரை மிதிவண்டியின் ஊராக்கியது. 1960களில் தொழிற்பேட்டை வந்தது. பக்கத்து ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. உலோகத்தை வெட்டி, வளைத்து, துளைத்துச் செய்யும் வேலை எங்கே இருக்கிறதோ அங்கே கடைசி வேலை முலாம். மிதிவண்டியின் கைப்பிடியும், போல்ட்டும், ஹைட்ராலிக் தண்டும் பளபளப்பதற்கும் தேயாமல் இருப்பதற்கும் குரோமியமே காரணம்.

ஒரு பிளேட்டிங் கடையில் தொட்டிகள் வரிசையாக நிற்கும். எண்ணெய் போக்கும் காரத் தொட்டி, கழுவும் தண்ணீர், அமிலத் தொட்டி, மறுபடி தண்ணீர், நிக்கல் தொட்டி, மறுபடி தண்ணீர், கடைசியில் குரோம். ரேக்கில் மாட்டிய 'ஜாப்', அதாவது முலாம் பூச வேண்டிய பாகம், ஒவ்வொன்றாக முங்கி எழும். கடையில் கெமிஸ்ட் இருந்தால் மேசை மேல் ஹல் செல் என்ற சாய்வான சிறு தொட்டி இருக்கும். அதன் கொள்ளளவு 267 மில்லி. அதில் ஒரு பித்தளைத் தகட்டைச் சில நிமிடம் வைத்து எடுத்தால், எந்த மின்னோட்டத்தில் முலாம் கருகும், எதில் பளபளக்கும் என்று ஒரே தகட்டிலேயே தெரிந்துவிடும்.

குரோம் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமியம் ட்ரையாக்சைடு கரைந்திருக்கும். இதில் குரோமியம் மட்டும் 130 கிராம். ஜாப் தொட்டியிலிருந்து எழும்போது அதன் விளிம்பில் கரைசல் ஒட்டிக்கொண்டு வரும். தொழிலில் இதை 'டிராக் அவுட்' என்பார்கள். அடுத்த தண்ணீர்த் தொட்டி வரை அது சொட்டிக்கொண்டே போகும். ஒரு சொட்டைச் சுமார் 0.05 மில்லி என்று வைத்தால் அதில் 6.5 மில்லிகிராம் குரோமியம் இருக்கிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு சொட்டு 130 லிட்டர் நல்ல தண்ணீரை, அதாவது ஏறக்குறைய பத்துக் குடத்தை, அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

சொட்டை மட்டும் கவனித்தால் போதாது, காற்றில் கலக்கும் நுண்துளிகளும் இருக்கின்றன. கரைசலில் உள்ள குரோமியம் ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. அதை உலோகமாக்க ஆறு எலக்ட்ரான்களைத் திருப்பித் தர வேண்டும். நூறு ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால், எதுவும் வீணாகாத பட்சத்தில், 32 கிராம் குரோமியம் படிய வேண்டும். நடைமுறையில் மின்சாரத்தில் பத்து முதல் இருபது சதவீதம்தான் முலாமாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் குமிழிகளாகப் போய்விடுகிறது. அந்தக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது குரோமிக் அமிலத்தை நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கின்றன. உறிஞ்சு விசிறி இல்லாத கடையில் வேலை செய்பவரின் மூக்குக்குள் போவது அதுதான். மூக்குத் தண்டில் புண் வந்து ஓட்டை விழுவது இந்தத் தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய்.

ஒரே உலோகம், இரண்டு குணம்

குரோமியம் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் நிறம் என்று பொருள். 1797இல் சைபீரியாவின் சிவப்புக் கனிமத்திலிருந்து அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான், அதன் சேர்மங்கள் காட்டிய விதவிதமான நிறங்களைப் பார்த்து வியந்தார். அந்த நிறம் வெறும் அலங்காரம் இல்லை, ஓர் எச்சரிக்கைப் பலகையும் கூட. மஞ்சளும் செம்மஞ்சளும் என்றால் ஆறு இணைதிறன் குரோமியம். பச்சை என்றால் பெரும்பாலும் மூன்று இணைதிறன்.

ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக ஓடுகிறது. குரோமேட்டின் வடிவம் சல்பேட்டின் வடிவத்தைப் போலவே இருக்கும். நம் உடலின் செல்களுக்குச் சல்பேட் தேவை. அதை உள்ளே விடும் வாசல், உருவ ஒற்றுமையால் ஏமாந்து குரோமேட்டையும் விட்டுவிடுகிறது. உள்ளே போன குரோமியம் எலக்ட்ரான்களைப் பறித்துப் பறித்து மூன்று இணைதிறனுக்கு இறங்குகிறது. அந்தப் பாதையில் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. அது மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் தரும் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு அந்த வாசல் எளிதில் திறப்பதில்லை. அது தண்ணீரிலும் அவ்வளவாக ஓடுவதில்லை. நடுநிலையான நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடுகிறது.

சென்னைக்காரருக்கு இந்த உலோகம் பழக்கமானதுதான். குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தோல் பதனிடுவது மூன்று இணைதிறன் உப்பால். ஆனால் அந்த உப்பைச் செய்ய முதலில் ஆறு இணைதிறன் டைகுரோமேட்டைத் தயாரிக்க வேண்டும். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம் தாண்டி ராணிப்பேட்டை வரும். அங்கே டைகுரோமேட் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990களில் மூடப்பட்டது. ஆலை நின்ற பிறகும் அது விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் மண்ணுக்குள் இறங்கியது. குரோமியத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வேறு நாட்டுக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

நான்கரை கிரவுண்டு கரி

இப்போது மறுபடி பல்கலைக்கழகத்துக்கு. 'பரப்பு கவர்தல்' என்று எழுதியிருக்கும் ஆசிரியர் செய்வது இதுதான்: தேங்காய் ஓட்டையோ புளியங்கொட்டையோ கரியாக்கி, நீராவியாலோ அமிலத்தாலோ அதில் நுண்துளைகளை உண்டாக்குகிறார். நன்றாகத் தயாரித்த ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கும். கிரவுண்டு 2,400 சதுர அடி என்ற நம் ஊர்க் கணக்கில், ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஏறக்குறைய நான்கரை கிரவுண்டு இடம். அந்த இடத்தில் எத்தனை மூலக்கூறுகள் உட்கார முடியும் என்பதைச் சமன்பாடாக்கியவர் இர்விங் லாங்மியுர். 1932இல் நோபல் பரிசு பெற்றவர். தமிழ்நாட்டின் எத்தனையோ முனைவர் பட்ட ஆய்வேடுகளில் அவர் பெயர் இருக்கிறது.

அமிலத் தன்மையுள்ள நீரில் கரியின் மேற்பரப்பு நேர்மின் ஏற்றம் பெறும். குரோமேட் எதிர்மின் ஏற்றமுள்ளது. ஒன்று மற்றொன்றை இழுக்கும். மாணவர் கரியைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மிச்சமிருக்கும் குரோமியத்தை அளக்கிறார். அளப்பதற்கு டைபினைல் கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் கரைசல் ஊதாவாகும். 540 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால் அளவு தெரியும். ஊதா மங்கினால் மாணவர் முகம் மலரும்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஊதா நிறம் ஆறு இணைதிறனை மட்டுமே காட்டும். கரியும் இலைத்தூளும் குரோமேட்டை வெறுமனே பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை. தங்களிடம் உள்ள எலக்ட்ரான்களைக் கொடுத்து அதை மூன்று இணைதிறனாகவும் ஒடுக்குகின்றன. அப்படி மாறியது கரியில் ஒட்டாமல் நீருக்கே திரும்பிப் போயிருக்கலாம். ஊதா மறைந்துவிடும், குரோமியம் குடுவையிலேயே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் தனியாக அளக்க வேண்டும். இரண்டு எண்களும் பொருந்தினால்தான் 'அகற்றினோம்' என்று சொல்ல உரிமை உண்டு. பொருந்தாவிட்டால் 'மாற்றினோம்' என்றே சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வகத்தில் சோதிக்கும் 'கழிவுநீர்' பெரும்பாலும் வாலை வடிநீரில் டைகுரோமேட்டைக் கரைத்துச் செய்தது. எஸ்டேட்டில் கழுவும் தொட்டியில் இருப்பது வேறு. அதில் சல்பேட் இருக்கும், நிக்கல் இருக்கும், இரும்பு இருக்கும், எண்ணெய்ப் படலம் மிதக்கும், நுரை போக்கியும் இருக்கும். குரோமேட்டுக்கும் சல்பேட்டுக்கும் உருவம் ஒன்று என்று முன்பே பார்த்தோம். செல்லின் வாசலில் நடந்த அதே ஏமாற்றம் கரியின் மேற்பரப்பிலும் நடக்கும். இங்கே சல்பேட் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். வாலை வடிநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய கரி, கடைத் தண்ணீரில் பாதி மதிப்பெண்கூட வாங்காமல் போகலாம்.

கடைகள் இன்று செய்யும் வழி பழையது, ஆனால் நேர்மையானது. கழிவுநீரின் பிஎச் அளவை மூன்றுக்குக் கீழே இறக்கி, சோடியம் மெட்டா பை சல்பைட்டைச் சேர்ப்பார்கள். சில நிமிடங்களில் செம்மஞ்சள் மங்கிப் பச்சை எழும். மின்வேதியியல் பாடத்தில் காகிதத்தில் எழுதும் ஒடுக்க வினை கண் முன்னால் நடக்கும் கணம் அது. பிறகு சுண்ணாம்பு சேர்த்து பிஎச் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே கொண்டுவந்தால் பச்சை, குழம்பாகித் தொட்டியின் அடியில் படியும். காரம் அதிகமானால் படிந்தது மறுபடி கரையத் தொடங்கும், ஆகவே கை நிதானமாக இருக்க வேண்டும். படிந்த சேற்றைப் பிழிந்து காயவைத்து, அபாயக் கழிவுகளுக்கென்று கும்மிடிப்பூண்டியில் உள்ள நிலநிரப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

சொட்டாமலே இருக்க

கழிவைச் சுத்தம் செய்வது ஒரு கேள்வி. கழிவே வராமல் செய்வது அதைவிடப் பெரிய கேள்வி. முதலிலேயே மூன்று இணைதிறன் குரோமியத்திலிருந்து முலாம் பூச முடியுமா? தத்துவப்படி மூன்று எலக்ட்ரான்கள் போதும், மின்சாரமும் மிச்சம். ஆனால் தண்ணீரில் மூன்று இணைதிறன் குரோமியம் ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பற்றிக்கொண்டு, விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்தப் பிடியைத் தளர்த்த ஃபார்மேட் போன்ற துணைப் பொருள்கள் வேண்டும். அலங்கார முலாமுக்கு இந்த வழி 1970களிலிருந்து வணிகத்தில் இருக்கிறது. தடிமனான, தேயாத கடின முலாமுக்கு இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபட் குழுவினர் தண்ணீரையே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடோடு குரோமியம் குளோரைடைக் கலந்தபோது இரண்டு திண்மங்களும் சேர்ந்து திரவமாயின. அதிலிருந்தே குரோமியத்தைப் படிய வைத்தார்கள். தீவனக் கடையில் கிடைக்கும் பொருளிலிருந்து ஒரு புதிய கரைப்பான் பிறந்தது.

சட்டமும் உந்தித் தள்ளியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மின்னணுப் பொருள்களிலும், 2007இல் வாகனப் பாகங்களிலும் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கட்டுப்படுத்தியது. ஏற்றுமதிக்குப் போகும் துத்தநாக முலாமுக்கு மேலே பூசும் மஞ்சள் படலம் மாறி, நீலமும் வெள்ளையுமான 'ட்ரைவேலன்ட்' படலம் வந்தது. ஐரோப்பாவில் எழுதிய ஒரு விதி இங்கே ஒரு தொட்டியின் நிறத்தை மாற்றியது.

நம் நாட்டில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே ஓர் இடம் உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 பொங்கல் நாளில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். முலாமும் அரிமானமும் அங்கே முழு நேர ஆய்வுப் பொருள்கள். பல்கலைக்கழகத் துறைகளும் இதே பாதையில் வெற்றி கண்டிருக்கின்றன. சென்னை ஐஐடியின் தலப்பில் பிரதீப், வெள்ளி நானோ துகள்களின் மேல் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் சிதைவதைக் கவனித்தார். தூய அடிப்படை ஆய்வு அது. நம் குடிநீரில் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்ற நாட்டுக் கவலையோடு அந்தக் கவனிப்பை அவர் இணைத்தபோது அது வீட்டு வடிகட்டியாக வெளிவந்தது. பிறகு ஆர்செனிக் நீக்கும் பொருளும் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கருவிகள் அவருக்கு உதவின. ஆனால் திசை காட்டியது தண்ணீர் குடிக்கும் மக்களின் கேள்வி.

சாலையைக் கடந்து

மேற்குப் புறநகரின் நிலத்தடி நீருக்கும் ஏரிகளுக்கும் இந்த வேதியியல் வெளியூர்ச் செய்தி இல்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. அதே பகுதியில் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேதியியல் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், நிறமாலைமானிகள். திறமைக்குப் பஞ்சமில்லை. இருப்பது ஒரே ஒரு இடைவெளி: ஆய்வகத்தின் குடுவைக்கும் கடையின் தொட்டிக்கும் நடுவே உள்ளது.

அதைக் கடப்பதற்குப் பெரிய நிதி வேண்டாம். நீங்கள் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வேதியியல் படிக்கிறவராக இருந்தால், அடுத்த ஆய்வுத் திட்டத்துக்கு டைகுரோமேட் புட்டியைத் திறக்கும் முன் ஒரு பிளேட்டிங் கடைக்குப் போய், உரிமையாளரிடம் கேட்டு, கழுவும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை மூடியுள்ள புட்டியில், கையுறையோடு, வாங்கி வாருங்கள். ஊதா நிறத்தோடு நிற்காமல் மொத்தக் குரோமியத்தையும் அளந்து பாருங்கள். சோதனை முடிந்த கரியை எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு அந்த முடிவைக் கடைக்காரரிடம் தமிழில் சொல்லுங்கள். அவருக்கும் அந்தக் குரோமியம் காசு கொடுத்து வாங்கியதுதான். சொட்டிப் போவதில் அவருக்கும் நஷ்டம்.

குரோமியம் ஒரு தனிமம். நெருப்பாலோ நுண்ணுயிராலோ அதை இல்லாமல் ஆக்க முடியாது. அதன் நிலையை மாற்றலாம், இருக்கும் இடத்தை மாற்றலாம், அவ்வளவே. செம்மஞ்சள் பச்சையாகும் இடம் தொழிற்சாலைக்குள் இருக்கும் ஒரு தொட்டியாக இருக்க வேண்டும். அது ஒரு மனிதரின் செல்லுக்குள் நடக்கக் கூடாது.